முருகேசன் சாரும் ஒரு கெளுத்தி மீனும்

லுஹர் தொழுது பாயை மடிக்கும்போது முருகேசன் சாரின் மகள் பிரியா போனில் கூப்பிட்டாள். "மாமி, அப்பா போயிட்டாக." இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் மண்டபம் ஊரில் சாரிடம் விலங்கியல் படித்த பலர் இதைப் படிப்பீர்கள். நான் அதிகம் பள்ளிக்கூடம் போகாதவள். அவருடைய பக்கத்து வீட்டுக்காரி. லாத்தா என்று அக்கா முறை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவார்.

பிரியா பிறந்த அன்றே அவள் தாய் இறந்துபோனாள். பரமக்குடியிலிருந்து சாரின் மாமியார் வந்து பிள்ளையைக் கேட்டார். சார் கொடுக்க மாட்டேன் என்றார். அந்த அம்மாள் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் யோசனை கேட்டார். அந்த வாரம்தான், மீன்காரம்மா ஆண் என்று சொல்லிக் கொடுத்த கெளுத்தியின் வாய் நிறைய, கோலிக்குண்டு அளவில் முட்டைகளைப் பார்த்திருந்தேன். "மீன்லகூடத் தகப்பன் தன் முட்டையவே திங்கிது. ஆம்பளைய நம்பிப் பச்சப்பிள்ளைய விடலாமா?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளே பிள்ளையைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்ட சார் மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். கோபம் இல்லை. "அந்த மீன் வயித்துல என்ன இருந்துச்சு லாத்தா?"

குடலை எடுத்தவள் நான்தானே. ஒன்றுமே இல்லை.

"அது திங்கல. பொரிச்சுக் குஞ்சு நீந்துற வரைக்கும் வாயில வச்சுக் காக்குது. அம்புட்டு நாளும் பட்டினி."

தாய் எங்கே போனது என்று கேட்டேன். முட்டையிட்டு இளைத்த தாய் இரை தின்று தேறினால்தான் அடுத்த ஈடு முட்டை வைக்கும் என்றார். கடற்பசுவில் பால் தாயிடம் இருப்பதால் கன்று அவளோடு. தகப்பன் வேறு துணை தேடிப் போய்விடும். இதில் நல்லது கெட்டது என்று அவர் எதையும் பிரிக்கவில்லை. எந்த இனத்தில் யார் தங்கியதால் குஞ்சு பிழைத்ததோ, அந்தக் குணமே வழிவழியாக நிலைத்தது என்றார். எல்லாம் படைத்த ரப்பின் ஏற்பாடு என்றேன். அவர் மறுக்கவில்லை.

அன்றே நான் பரமக்குடி பஸ் ஏறி, சொன்னது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் விடவில்லை. ஞாயிறுதோறும் அவரே போய் மன்றாடி, ஏழு மாதம் பதினோரு நாள் கழித்துப் பிள்ளையைக் கொண்டுவந்தார். அதற்குள் அவள் தவழப் பழகியிருந்தாள். தூக்கிய தகப்பனைப் பார்த்து வீறிட்டு அழுதாள். ராத்தூக்கம் கெட்டு, தலை பின்னி, அவளை ஆளாக்கியதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள்.

யார் பேச்சைக் கேட்டு அவளைப் பிரித்தார்கள் என்பதை அவர் மகளிடம் கடைசிவரை சொல்லவில்லை. நேற்றுகூட அவள் என் மடியில் முகம் புதைத்துத்தான் அழுதாள். அவர் எனக்கென்று விட்டுப்போனது அந்த மௌனம் ஒன்றுதான். அதை இனியும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

பிரியா, அந்தப் பேச்சு என்னுடையது.