சுவரில் வாங்கிய கபுர்

அன்று வலென்சியா நகரத்து இடுகாட்டில், எங்கள் பேச்சில் மையவாடியில், நின்றது வீட்டுக்காரக் கிழவி, ஏணி தள்ளிக்கொண்டு வந்த காவல்காரர், அவவின் வீட்டில் அறை எடுத்திருந்த நான்.

அந்த நாட்டுக்கு நான் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். கிழவி குள்ளம். குப்பை கொட்டப் போனாலும் உதட்டுக்குச் சிவப்புப் பூசாமல் படியிறங்க மாட்டா. கபுர் கழுவ ஒரு ஆள் வேணும் என்று என்னைக் கூட்டிப் போனா. புருசனை அடக்கிய கபுர் என்று நினைத்தேன்.

அங்கே இறந்தவரின் மையத்தைச் சுவர்ப் பொந்தில் வைத்துக் கல்லால் மூடுகிறார்கள், மாடி மாடியாக. வாளியோடு ஏறி ஒரு கல்லைத் துடைத்தேன். அதில் கிழவியின் பெயர் இருந்தது. பிறந்த வருசமும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

திரும்பிக் கீழே நின்ற கிழவியைப் பார்த்தேன். "இது உங்கட பேர்தானே!"

"ஓம் மகன், என்ட வீடு. காத்து நல்லா வரும். பக்கத்து வீட்டுச் சத்தமும் இல்ல," என்று சிரித்தா.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் உசிரோடு இருக்கிற ஆளுக்குக் கபுர் வெட்டினால் அடிபிடி வரும். நான் ஏணியிலேயே நின்றேன்.

"உங்கட ஊரில ஒராள் மௌத்தானா மையம் தூக்க எத்தனை பேர் வருவாங்க?"

"பள்ளிவாசல் நிறையும். தெரியாத ஆக்களும் வந்து தோள் குடுப்பாங்க."

அவவின் சிரிப்பு நின்றது. "என்னத் தூக்க நாலு பேராவது வேணும்," என்று விரல் மடக்கினா. தம்பியின் மகன். ரொட்டிக் கடைக்காரர். பிறகு என்னைப் பார்த்தா.

"நீ வருவியா?"

"வருவன்."

இன்னொரு விரலை மடக்கிவிட்டுக் காவல்காரரைப் பார்த்தா. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று பேர்.