சாம்பலுக்கு மேல் சுண்ணாம்பு

தங்கமணிக்கு முப்பத்தைந்து வயது. கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறான். தனி அறை இல்லாத வீடு என்று இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போனதால், இந்த வருஷம் பக்கவாட்டில் ஓர் அறை கட்டிப் பூசிவிட்டான். களமருதூர் போய்ப் பெண் பார்த்தாயிற்று. கலையரசியை அவனுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா காசிநாதன் வீடு பார்க்க வருகிறார். அதற்குள் அறைக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும்.

வெள்ளையா, சாம்பலா? மூன்று நாள் கலர் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். சோற்றில் கை வைத்துக்கொண்டு பார்ப்பான், ரயில்வே கேட்டில் வண்டி நின்றாலும் பார்ப்பான். வெள்ளை என்றால் கரும்புத் தோகை கொளுத்துகிற கரி வந்து படியும். சாம்பல் அழுக்குத் தாங்கும். போனில் பார்த்த பெரிய வீடுகளிலும் அதுதான். வெள்ளிக்கிழமை சாம்பலே அடித்தாகிவிட்டது. அன்று ஒருநாள்தான் மனுஷன் நிம்மதியாகத் தூங்கினான்.

சனிக்கிழமை காலையில் அத்தை சின்னப்பொண்ணு வந்து எட்டிப் பார்த்தாள்.

“பூச்சு நல்லா வந்துகீதுடா. பெயிண்ட் எப்ப அடிக்கப்போற?”

அவள் போனதும் தெருவில் இறங்கி நின்று பார்த்தான். பாதி வீடுகள் வெறும் சிமெண்ட் பூச்சோடு வருஷக்கணக்காக நிற்கிற ஊர் இது. இவன் பெயிண்ட் வாங்கி அடித்து அதே மாதிரி ஆக்கி வைத்திருக்கிறான். பெயிண்டரோ வேறு வேலைக்கு வெள்ளிமலை ஏறிவிட்டார். சுண்ணாம்பைக் கரைத்துத் தானே அடித்தான். பெயிண்ட் மேல் சுண்ணாம்பு பிடிக்காது என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காசிநாதன் ஊதாச் சட்டையில் வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்தபடி காபி குடித்தார். நகர்ந்தபோது சட்டை முதுகெல்லாம் வெள்ளை. சுவரில் முதுகளவுக்குச் சாம்பல்.

“இன்னா தம்பி, ரெண்டு கலரா கீது?”

தங்கமணிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “சாம்பல்தாங்க அடிச்சேன். வேல முடியாத வூடுன்னு நெனச்சிக்கினு பொண்ணு தரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன். அதான் மேல சுண்ணாம்பு.”

காசிநாதன் சட்டையைத் தட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தார்.

“பொண்ணு பாக்க வந்தப்ப எங்க வூட்ல ஒரு செவுரு முழுக்க காலண்டர் தொங்குச்சே, பாத்தீங்களா?”

“பாக்கலீங்க.” அன்று அவன் கலையரசியைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

“அதுக்குப் பின்னால வெறும் செங்கல்லு. இன்னும் பூசவே இல்ல. அடுத்த தபா வரும்போது தூக்கிப் பாருங்க, மாப்ள.”