கூட்டிக் கேட்கலாமா, குறைத்துக் கேட்கலாமா

மரக்காணத்தில் வக்கீல் போர்டு மாட்டினால் முதலில் வருவது நிலத் தகராறு; போகாமல் உட்கார்ந்துகொள்வது ஜீவனாம்சம். வாங்குபவர்களே, கொடுப்பவர்களே, நடுவில் மாட்டிக்கொண்ட என் சக வக்கீல்களே, உங்களுக்கு இது புரியும்.

ஸ்டேட்டஸ்

செல்விக்கு உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. கணவர் ஏழுமலை பிரிந்துபோனபோது மகள் கவியா நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். கோர்ட் அன்று போட்ட மாதத் தொகை அப்படியே நிற்க, கவியா மட்டும் வளர்ந்து பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அடுத்தவர் லாரியை ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலையோ, இப்போது சொந்த லாரிக்கு மாலை போட்டு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைக்கிறார்.

"தொகையைக் கூட்டச் சொல்லி மனு போடலாம்" என்றேன். செல்வி தயங்கினாள். "போட்டா ஞாயித்துக்கிழமை புள்ளையப் பாக்க வரமாட்டாராம். அதையும் ஸ்டேட்டஸ்லயே போட்டுட்டாரு மேடம்."

பேப்பர் ஒன்றே

செல்வி என்னிடம் வந்த விஷயம் காதுக்குப் போய், அடுத்த வாரம் ஏழுமலையே என் ஆபீசுக்கு வந்தார். மழைக்காலத்தில் உப்பு லோடு கிடைப்பதில்லையாம். அந்த மாதங்களுக்குத் தொகையைக் குறைக்க மனு வேண்டுமாம். "மழைக்காலத்திலும் கவியா சாப்பிடுவாளே?" என்றேன். அந்தக் கோணத்தில் அவர் யோசித்ததில்லை போலிருந்தது.

நான் செல்வியின் வக்கீல், அவருக்காக ஆஜராக முடியாது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவளுக்கு அடிக்கிற அதே பேப்பர்தான மேடம்? 'கூட்டு'ன்னு வர்ற எடத்துல 'கொறை'ன்னு போட்டு எனக்கும் ஒண்ணு அடிச்சுடுங்க."

உப்பள ஆலோசனைக் குழு

செல்வி முடிவெடுப்பதற்குள் உப்பளமே இரண்டு முடிவெடுத்துவிட்டது. போடு என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர். செல்வியோடு வேலை செய்யும் ஒரு பெண் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "தைரியமா கேஸ் போடுடி, ஆனா நான் சொன்னேன்னு மட்டும் யாராண்டயும் சொல்லிடாத" என்றாளாம்.

குறுக்கு விசாரணை

கடைசியில் மகளையே அழைத்துக்கொண்டு வந்தாள் செல்வி. உப்புத் தண்ணீரில் வெடித்த விரல்களால் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே, "அப்பா வராமப் போயிட்டா நாளைக்கு என்னக் கொற சொல்லுவியா?" என்று கேட்டாள்.

கவியா திருப்பிக் கேட்டாள்: "கேஸ் போட்டா வரமாட்டாருன்னா, இப்ப மட்டும் எதுக்கும்மா வர்றாரு?"

செல்வி பேனாவைக் கேட்டு வாங்கி மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

கூடுதல்

கோர்ட்டில் ஏழுமலை, லாரி தம்பியுடையது என்றார். "அப்புறம் மாலை ஏன் நீங்க போட்டீங்க?" என்று நான் கொடுத்த ஸ்டேட்டஸ் படத்தைப் பார்த்தபடி நீதிபதி கேட்டார். கேட்ட அளவு கிடைக்காவிட்டாலும், தொகை கூடியது.

அடுத்த ஞாயிறு ஏழுமலை வரவில்லை. கவியா வாசலைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள் என்று செல்வி சொன்னாள். அதற்கடுத்த ஞாயிறு பிரியாணிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். வழக்கமாக அரை மணியில் கிளம்புகிறவர், இருட்டும் வரை நகரவில்லை. "வேலை இல்லையா?" என்று செல்வி கேட்டதற்கு முறைப்பாகச் சொன்னாராம்: "இப்பத்தான் ஜாஸ்தி குடுக்கறேன்ல, ஜாஸ்தி நேரம் இருந்துட்டுத்தான் போவேன்."

பாசத்தைக் கூட்டித் தரச் சொல்லி மனு போடச் சட்டத்தில் இடமில்லை, ஆனால் தொகையைக் கூட்டினால் சில சமயம் அதுவும் வீம்புக்காவது கூடிவிடுகிறது.