கோரைக்குள் ஒரு கூடு

வரதய்யபாளையத்தில் எங்கள் வீட்டுப் புல்தரையில்தான் மகளின் நிச்சயதார்த்தம். அங்கே புல்லைவிடக் கோரைதான் அதிகம். காற்றில்லாத ஒரு காலையில், பனி காய்ந்த பிறகு, கோரையை மட்டும் கொல்லும் மருந்தைத் தெளித்துக்கொண்டு போனேன். மூலையில் ஓர் ஆள்காட்டிக் குருவி சிறகை விரித்து எதிரே நின்றது. அதன் பின்னால் முட்டைகள். என் கை தானாக நின்றுவிட்டது.

வாசலிலிருந்து பார்த்த மகள் சொன்னாள், "அது குந்திக்கினு இருக்கட்டும்மா. நாம நாற்காலிங்களத் தள்ளிப் போட்டுக்கலாம்."

மருந்து பட்ட கோரையெல்லாம் மெல்ல மஞ்சளாகிச் சாய்ந்தது. மூலை மட்டும் பச்சையாக அசைந்தது.

நிச்சயத்தன்று போதகர் ஜெபிக்கையில் கண்ணைத் திறந்து பார்த்தேன். அத்தனை பேருக்கு நடுவிலும் குருவி முட்டைகளை விட்டு எழவில்லை. மகளைப் பிரியப் போகிறோமே என்று அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. பக்கத்திலிருந்த சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் போகும் வீடு எப்படி இருக்குமோ என்ற என் பயமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது.