பக்கம் மாறும் விசில்

என் மேசை இழுப்பறையில் ஓர் இரும்பு விசில் கிடக்கிறது. முலாம் உரிந்து, நைந்த சிவப்புக் கயிற்றோடு, ஊதினால் சளி பிடித்தவன் கூப்பிடுவதுபோல் கரகரக்கும். உள்ளே உருளுகிற தக்கை தேய்ந்துவிட்டது. அது அக்காவுடையது. கூடப் பிறந்த அக்கா இல்லை. அலுவலகத்தில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, என்னோடு சண்டை போடுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர். அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து போன மாதம் வரை அவர்மேல் எனக்குக் கோபம். வருத்தம், நன்றிக்கடன் என்றெல்லாம் என் மனைவி அதற்கு வேறு பெயர்கள் வைத்துப் பார்த்தாள். எனக்கு எதுவும் ஒட்டவில்லை. கோபம்தான்.

எங்கள் வேலை என்ன என்று உறவினர்களுக்கு விளக்கி விளக்கி ஓய்ந்துபோனவன் நான். என் மாமனார் இன்றுவரை நான் ஏதோ பங்குச்சந்தையில் இருப்பதாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். மதுரை கோச்சடையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்காவில் பலருக்கு ஒரு பைத்தியம் உண்டு. நிஜமான ஆட்டக்காரர்களில் வேண்டியவர்களைப் பொறுக்கி, ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொள்வார்கள். ஃபேண்டஸி என்று அதற்குப் பெயர். அந்த ஆட்டக்காரன் மைதானத்தில் எடுக்கும் புள்ளி இவர்கள் அணிக்கு வந்து சேரும். இன்றைக்கு யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பதில்தான் சாமர்த்தியம். அதற்கு யோசனை சொல்லி எழுதுவது எங்கள் பிழைப்பு. கூடைப்பந்து மேசை அக்காவுக்கு, கால்பந்து மேசை எனக்கு. அந்த ஊர்க் கால்பந்து என்பது பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். “காலே படாத ஆட்டத்துக்குக் கால்பந்துன்னு பேரு, அதுக்கு ஒரு நிபுணரு வேற” என்று அக்கா என்னை ஓட்டாத நாள் கிடையாது.

அங்கே முன்னிரவில் ஆட்டம் என்றால் இங்கே விடியற்காலை. கீழே பேக்கரியில் அடுப்பு சூடேறி பன் வாசனை மாடிக்கு வரும் நேரத்தில் எங்கள் சண்டை உச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு ஆட்டக்காரனையும் பற்றி நாங்கள் இருவரும் எதிரெதிராக வாதாடிய பிறகுதான் யோசனையை எழுதுவோம். ஆட்டக்காரர்களுக்கு நாங்களே பட்டப்பெயர் வைத்திருந்தோம். அக்காவின் ஆட்களில் ஒருவன் அப்பளம். தென்னை உயரம் இருப்பான், நன்றாக ஆடுவான், யாராவது தொட்டால் உடைந்துபோவான். என் ஆட்களில் ஒருவன் ஷேர் ஆட்டோ. எதிரணியில் மூன்று நான்கு பேர் தொற்றிக்கொண்டாலும் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு ஓடுவான். அப்பளத்தை இன்று இறக்கலாமா கூடாதா என்று நாங்கள் கத்திய கத்தலில் பேக்கரிக்காரர் ஒருமுறை மேலே ஏறி வந்து, “குடும்பப் பிரச்சினையா இருந்தா வீட்ல வச்சுப் பேசுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாதத்தில் ஒரு விதி உண்டு. அக்கா கொண்டுவந்தது. பாதி நேரம் ஆனதும் கழுத்தில் தொங்குகிற விசிலை எடுத்து ஊதுவார். ஊதினால் பக்கம் மாற வேண்டும். அதுவரை அப்பளத்தை இறக்கு என்று தொண்டை கிழியக் கத்தியவர், அந்த நொடியிலிருந்து இறக்காதே என்று பேச வேண்டும். ஒப்புக்குப் பேசக் கூடாது. ஒப்புக்குப் பேசினால் மறுபடி முதலிலிருந்து. ஆரம்பத்தில் எனக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. போகப் போக, என் பக்கத்தின் ஓட்டைகள் எனக்கே நன்றாகத் தெரிந்திருந்ததையும், அவற்றைச் சொல்ல யாராவது விசில் ஊத வேண்டியிருந்ததையும் கண்டுகொண்டேன். எங்கள் யோசனைகள் பெரும்பாலும் பலித்ததற்கு அந்தக் கரகரத்த விசிலே காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அக்கா பசுமலையில் கல்லூரியில் படித்தபோது கூடைப்பந்து அணிக்குத் தலைவி. விசில் அந்த மைதானத்திலிருந்து வந்தது. கல்யாணத்தோடு ஆட்டம் நின்றது. யாரும் தடுக்கவில்லை என்பார். தடுத்திருந்தால் சண்டை போட்டாவது ஆடியிருப்பேன், ஒருவரும் ஒன்றும் சொல்லாமலே நின்றுபோனதுதான் எரிச்சல் என்பார். பல வருஷம் அந்த மைதானம் இருந்த தெருப் பக்கமே அவர் போகவில்லை. இந்த வேலை கிடைத்த பிறகுதான் கூடைப்பந்து அவரிடம் திரும்பி வந்தது. திரையில் ஒருவன் பந்தோடு திரும்பும்போது நாற்காலியில் அக்காவின் தோள் தானாகத் திரும்பும். அதை அவர் அறியமாட்டார், நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலை போனால் அவருக்கு எது போகும் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம், இரண்டு ஆட்டங்களும் ஒருசேர நடக்கிற பருவம். எங்கள் எழுத்தை வாங்குகிற வெளிநாட்டு நிறுவனத்தின் அதிகாரி ஒரு காலை திரையில் தோன்றினார். மதுரையில் இரண்டு மேசைகளையும் வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றை மூடப்போகிறோம் என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் மனுஷன் என்று விட்டிருப்பேன். நீங்கள் இருவரும் பிரமாதமாக வாதாடுவீர்களாமே, எந்த மேசை இருக்க வேண்டும் என்று நீங்களே எனக்கு வாதாடிக் காட்டுங்களேன், வெள்ளிக்கிழமை கேட்கிறேன் என்றார். சிரித்த முகமாகச் சொன்னார். எங்களுக்கு ஒரு மரியாதை செய்வதாக அவருக்கு நினைப்பு.

என் மனைவிக்கு அப்போது மாதம் நெருங்கியிருந்தது. வளைகாப்புக்கு வந்து வளையல் போட்டுவிட்டுப் போனவர் அக்கா. அதனால் என் நிலைமை அவருக்குத் தெரியும், அவர் நிலைமை எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுக்க நாங்கள் கத்தவே இல்லை. “நீங்க சொல்றதும் சரிதான்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அதைப்போல் பயங்கரமான மரியாதையை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை. அக்கா விசிலை எடுக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. பேக்கரியிலிருந்து வந்த பன் பொட்டலத்தை இருவரும் தொடாமலே வைத்திருந்தோம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கு நடுவில் வாதம் ஓடும். அக்காவின் மேசையை மூடுவதற்கு என்ன சொல்லலாம் என்று என் மூளை தானாக அடுக்கிக்கொண்டே போகும். எழுந்து கை கழுவிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அதிகாரி திரையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அக்கா முதலில் ஆரம்பித்தார். நான் பார்த்த வாதங்களிலேயே அது அழகான வாதம். ஓர் ஆட்டக்காரன் களைத்திருப்பதை அவன் எடுக்கும் புள்ளியில் தேடக் கூடாது, பந்து போன பிறகு அவன் திரும்பி ஓடுகிற விதத்தில் தேட வேண்டும், நான் அங்கே தேடுகிறேன் என்றார். அப்பளம் நொண்டுவதற்கு முந்தைய ஆட்டத்திலேயே அவனை உட்கார வைக்கச் சொல்லி எழுதியதை நினைவுபடுத்தினார். அதிகாரி கோப்பையைக் கீழே வைத்தார். நான் என் கால்பந்துக்காகப் பேசினேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. அக்கா முன்னால் போய்க்கொண்டிருந்தார், அது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

பாதி நேரம் ஆனது. எங்களுக்கு அந்த நேரம் கடிகாரம் பார்க்காமலே தெரியும், பழக்கம் அப்படி. அதிகாரிக்கு எங்கள் விதி தெரியாது. ஊதமாட்டார் என்று நினைத்தேன். ஊதிவிடக் கூடாது என்றும் நினைத்தேன், ஊதினால் தேவலை என்றும் நினைத்தேன். அக்காவின் கை கழுத்துக்குப் போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு ஊதினார். அதிகாரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். இனி நாங்கள் பக்கம் மாறிப் பேசுவோம், இது எங்கள் வழக்கம் என்று அவருக்கு விளக்கிவிட்டு, அக்கா கால்பந்துக்காக வாதாட ஆரம்பித்தார்.

கூடைப்பந்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம் உண்டு, இன்று தப்பு செய்தவன் நாளை மறுநாள் திருத்திக்கொள்வான் என்றார். கால்பந்தில் வாரத்துக்கு ஒரே ஓர் ஆட்டம். தப்பான ஆளை இறக்கிவிட்டால் அந்த வாரம் முழுக்க அந்தத் தப்போடு உட்கார்ந்திருக்க வேண்டும். பல வாய்ப்பு உள்ளவனுக்கு யோசனை வேண்டியதில்லை, ஒரே வாய்ப்பு உள்ளவன்தான் யோசனை கேட்டு வருவான், ஆகையால் கால்பந்து மேசையை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. விதிப்படி கூடைப்பந்துக்காக, மனதாரப் பேசினேன். தினமும் விடியலில் வாசகர்கள் தேடி வருவதைச் சொன்னேன், பருவம் நீண்டது என்றேன், அக்காவின் கண் வேறு யாருக்கும் இல்லை என்றேன். என் வேலையை நானே பிடுங்கிக் கொடுப்பதுபோல் பேசினேன். அதிகாரி இரண்டையும் கேட்டார். அந்த ஒரே வாய்ப்பு என்று சொன்னீர்களே, அது என்னைத் தொட்டுவிட்டது, கால்பந்து இருக்கட்டும் என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். பாராட்டிக்கொண்டே அக்காவின் வேலையைப் பறித்தார்.

கீழே பேக்கரி வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது கேட்டேன். “ஏன்க்கா ஊதுனீங்க?”

“பாதி நேரம் ஆச்சுல்ல.”

“எனக்குப் பாவம் பாத்தீங்களா?”

“உனக்கு எதுக்குப்பா நான் பாவம் பாக்கணும்? விதின்னா விதிதேன். சும்மா நச்சரிக்காத.” மழை விடும் முன்பே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசி நாள் அன்று நான் வருவதற்குள் அவர் மேசை காலியாக இருந்தது. என் மேசைமேல் விசில் இருந்தது.

இப்போது அக்கா கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறார். நான் அதே மாடியில், அதே ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். வீட்டில் ஒரு குழந்தையும் வந்துவிட்டது. என்னோடு வாதாட, பயிற்சிச் சம்பளத்தில் ஓர் இளைஞரைச் சேர்த்தார்கள். விசிலை நான்தான் ஊதுகிறேன். அவர் நல்லவர், ஆனால் பக்கம் மாறியதும் ஒப்புக்குத்தான் பேசுகிறார். கல்யாண வீடுகளில் அக்காவைப் பார்த்தால், “அப்பளம் எப்படி இருக்கான்?” என்று கேட்பார். ஏன், நீங்கள் பார்ப்பதில்லையா என்றால் பேச்சை மாற்றிவிடுவார். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கேட்காமல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததாக ஒப்புக்கொள்ளவும் மாட்டேன் என்கிறவரிடம் என்ன செய்வது?

போன மாதம் ஒரு மாலை, பொறுக்கமாட்டாமல் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கப்பலூருக்குப் போனேன். தொழிற்சாலைக்கு எதிரே டீக்கடை. வேலை முடிந்து வந்த அக்கா, “என்னப்பா, இம்புட்டுத் தூரம்?” என்றார். டீ வந்தது. நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“அன்னைக்கு நீங்க ஊதுனது தப்புக்கா.”

“ஆரம்பிச்சுட்டியா? சரிதேன்னு எத்தன தடவ சொல்றது? விதிய நானே வச்சுட்டு நானே மீறச் சொல்றியா?”

“உங்க வேலையே போகும்னு தெரிஞ்சும் என்ன விதி?”

“வேலைக்கு ஒரு விதி, வெட்டிப் பேச்சுக்கு ஒரு விதியா? சரிதேன். நூறு தடவ கேட்டாலும் சரிதேன்.”

நான் விசிலை எடுத்து ஊதினேன். கடையே திரும்பிப் பார்த்தது. ஓரமாக நின்றிருந்த மினிபஸ்ஸின் டிரைவர், கண்டக்டர்தான் ஊதிவிட்டார் என்று வண்டியை எடுத்துவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டர் பதறிப்போய், “அண்ணே நிறுத்துங்கண்ணே, நான் இங்கன நிக்கிறேன்!” என்று பின்னாலேயே ஓடினார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, நான் எதற்காக ஊதினேன் என்று அவருக்கு உறைத்தது. சிரிப்பு நின்றது.

“பக்கம் மாறுங்கக்கா” என்றேன். “ஒப்புக்குப் பேசக் கூடாது.”

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒப்புக்குப் பேசுவது அவருக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

“தப்புதேன்” என்றார். “அந்த ஆளுக்கு நம்ம விதி தெரியாது. ஊதாம விட்டிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாக. நீயும் கேட்டிருக்க மாட்ட. அன்னைக்கு நான் நல்லாத்தேன் பேசிக்கிட்டு இருந்தேன். செயிச்சிருப்பேன். ஒரே வாய்ப்பு உள்ளவன்னு அந்தாளுகிட்ட எம்புட்டுப் பேச்சுப் பேசுனேன்! எனக்கு இருந்ததும் அந்த ஒண்ணுதேன். அது தெரிஞ்சுக்கிட்டே ஊதுனேன். இப்பவும் விடியக்காலம் முழிப்பு வந்துருதுப்பா. டிவியப் போட மனசு வரமாட்டேங்குது. சும்மா இருட்டுக்குள்ள உக்காந்திருக்கேன். ஊதிருக்கக் கூடாது.”

அத்தனை நாள் நான் கேட்க விரும்பியது இதைத்தான். அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என் முறை முடிஞ்சது. இப்ப நீ பேசு. நான் ஊதுனது சரின்னு பேசு. ஒப்புக்குப் பேசுனா மறுபடி மொதல்ல இருந்து.”

அப்பளத்துக்காகப் பேசியிருக்கிறேன், ஷேர் ஆட்டோவுக்கு எதிராகப் பேசியிருக்கிறேன், என் பிழைப்புக்கு எதிராகவே பேசியிருக்கிறேன். அக்கா செய்தது சரி என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே வாதம் அந்த நேரத்தில் என் வீட்டில் சுவரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தது. அதை நான் எந்த வாயால் சொல்வது? இரண்டு டீ கிளாஸுக்கும் நடுவில் விசிலை வைத்தேன்.

“பேசுப்பா” என்றார் அக்கா. “நேரம் ஓடுது.”