சோடியம் அசைகிறது

சிறுவிரல் உயரமுள்ள கண்ணாடிக் குப்பி. வாயை அலுமினியத் தாளால் மூடி, தாளில் ஊசியால் ஒரு துளை. உள்ளே இருக்கும் திரவம் அந்தத் துளைவழியே மெல்ல ஆவியாகி வற்ற, அடியில் உப்புக்கல் போன்ற பளிங்குகள் முளைக்கும். அதுவரை குப்பியை ஆட்டக்கூடாது. கிளிநொச்சியில் எங்கள் பல்கலைக்கழக ஆய்வுகூடம் பெருந்தெருவோரம் இருந்தது. லொறி போனால் மேசை அதிரும்; மின்சாரம் போனால் ஜெனரேற்றர் அதைவிட மோசம். ஆகவே என் மச்சாள் குப்பிகளைக் கண்டாவளையில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த தன் கூறைச்சேலையை எடுத்துவிட்டு அங்கே வைத்தார்.

மச்சாள் என் அண்ணனின் மனைவி. நான் அந்த ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உத்தியோகத்தர். அவர் அங்கே தற்காலிக விரிவுரையாளராக இருந்துகொண்டு கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். வளையல் வடிவான சில மூலக்கூறுகள் உண்டு. அவற்றின் உட்புறம் நோக்கி ஒட்சிசன் அணுக்கள் நிற்கும். சோடியம், பொற்றாசியம் போன்ற கார உலோகத்தின் அயன், அதாவது மின்னேற்றமுள்ள அணு ஒன்று நடுத்துளைக்குள் வந்தால், ஒட்சிசன்கள் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். மச்சாளின் பளிங்குகளில் வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றதால் துளைகள் சேர்ந்து குழாய்போல் ஆகியிருந்தன. அயன் ஒரே வளையத்தில் பிடிபட்டுக் கிடக்கிறதா, குழாய்வழியே அடுத்த வளையத்துக்குத் தாவுகிறதா? அதுதான் அவருடைய கேள்வி. நாளைக்கு நல்ல பற்றரிகள் செய்ய இது உதவலாம் என்று யாராவது கேட்டால் சொல்லுவார். எனக்குத் தெரிந்தவரை, அறிய வேண்டும் என்ற ஆசையைத் தவிர அவருக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

பளிங்குகளை வெளிநாட்டுக்கு அனுப்பி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தோம். படத்தில் உருண்டைப் புள்ளியாகத் தெரிய வேண்டிய சோடியம், குழாய் நெடுக இழுபட்ட கறைபோலத் தெரிந்தது. அது அசைகிறது என்று மச்சாள் எழுதினார். பொற்றாசியமும் சற்று அசைவதாக எழுதினார்.

பட்டத்துக்கான நேர்முகத் தேர்வு தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்தது. நானும் துணைக்குப் போயிருந்தேன். பரீட்சகர் ஒருவர், வன்னி வெக்கையில் வீட்டு அலுமாரிக்குள் வளர்த்த பளிங்கு வேறு எப்படி இருக்கும் என்று சிரித்தாராம். சோடியம் அசைகிறது என்ற அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிட்டால் பட்டம் கிடைக்கும் என்றாராம். திரும்பும் பஸ்ஸில், தான் கொடுத்த பதிலை மச்சாள் எனக்குத் தமிழில் சொன்னார்.

"பளிங்கு பழுதெண்டால் வளையமும் கலங்கித்தான் தெரியவேணும். வளையத்தின்ரை ஒவ்வொரு அணுவும் வடிவாத் தெரியுது, சோடியம் மட்டும்தான் கலங்கியிருக்கு. அது பழுதில்லை, அசைவு. நான் எடுக்கமாட்டன் எண்டிட்டன்."

பட்டம் இல்லாமல் நிரந்தர நியமனம் இல்லை. அண்ணன் கெஞ்சிப் பார்த்தான். ஒரு அத்தியாயம்தானே, பிறகு தனியாக எழுதலாமே என்று அம்மா சொன்னார். ஆய்வுகூடத்தில் சிலர் அவருக்குத் தலைக்கனம் என்று கதைத்தார்கள். மச்சாள் புதிய பளிங்குகள் வளர்க்க மறுபடி குப்பிகளைக் கழுவினார். அந்த முறை மாரி மழையின் ஈரத்தில் பளிங்குகள் எல்லாம் மாவாகப் போயின. அடுத்த கோடையில்தான் நல்லவை கிடைத்தன.

அவற்றை உறைகுளிரில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லி அனுப்பினார். பளிங்கு பழுதானால் குளிரிலும் கறை அப்படியே இருக்கும். அசைவு என்றால் குளிர் அதை நிறுத்திவிடும். படம் வந்தது. குளிரில் சோடியம் ஓரிடத்தில் தெளிவான புள்ளியாக இருந்தது. சூடாக்கியபோது திரும்பவும் இழுபட்டது. பொற்றாசியமோ எந்த வெப்பத்திலும் தன் துளையை விட்டு அசையவில்லை. அதில் தான் நினைத்தது பிழை என்று மச்சாள் தன் கையாலேயே திருத்தி எழுதினார். அத்தியாயம் இருந்தது. பட்டமும் கிடைத்தது, ஊரார் எதிர்பார்த்ததைவிட மிகவும் பிந்தி.

போன வருடம் ஊரில் அவருக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். தலைமை தாங்கியவர், இந்தச் சோடியமும் எங்களைப் போல இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அலைந்தது என்று பேசினார். மண்டபத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான். வன்னியிலிருந்து எது வந்தாலும் அதில் எங்கள் காயத்தைத் தேடிப் பார்க்க எல்லோரும் பழகிவிட்டோம். அந்த ஆய்வுகூடத்திலேயே வேலை செய்த நானும் பழகியிருந்தேன்.

மச்சாள் எழும்பி ஒலிவாங்கியை வாங்கினார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. சோடியத்தை ஒருத்தரும் துரத்தேல்லை. நாங்கள் பட்டது வேறை, இது வேறை. அது ஏன் அசையுதெண்டு நான் கண்டுபிடிச்சிருக்கிறன். அதைக் கேளுங்கோ."

கரும்பலகையை முன்னுக்கு இழுக்கச் சொல்லி, வளையங்களை அடுக்கடுக்காக வரைந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் பொற்றாசியம் மட்டும் ஏன் அசையவில்லை என்று கேட்டார். அது துளைக்கு அளவாய் இருக்குது, சோடியம் சின்னன், அதாலை பிடி இளகல் என்றார் மச்சாள். கேள்விகள் மேலும் வந்தன. சாப்பாடு ஆறுகிறது என்று தலைவர் சைகை காட்டினார்.

மச்சாள் சோக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. "இன்னும் முடியேல்லை, இருங்கோ" என்றார்.