மழையில் திறந்து கிடந்த மூடி

ஏழாயிரம்பண்ணை கருப்பம்மாளுக்கு ஈரத்தோடு தீராத பகை. பட்டாசுக் கம்பெனியில் மீந்த மருந்துக் கலவையை யாரோ மூடாமல் போட்டுவிட்டுப் போக, ஈரம் கோத்து அது தானாகச் சூடேறிய காலையில்தான் அவள் புருஷன் அந்த அறைக்குள் நுழைந்தான். திரும்பி வரவில்லை. தாலியைக் கழற்றிய கையோடு அவள் மருந்து வேலையையும் உதறினாள்.

இப்போது சங்கிலிமுத்துவிடம் வேலை. தண்ணீருக்குள் ஆளை இறக்கி அணைகளின் ஷட்டரைப் பழுது பார்க்கும் காண்டிராக்டர் அவர். முங்குகிறவன் அவளுடைய தம்பி மாரிக்கண்ணன். முங்கும் கருவிகளைக் கழுவிக் காயவைப்பது அவள்.

சிலிண்டரில் அடைத்த காற்றை மூச்சுக்குத் தக்கபடி இறக்கித் தருவது ரெகுலேட்டர். அதில் காற்று நுழையும் வாய்க்கு ஒரு கறுப்பு மூடி உண்டு. அந்த மூடியை ஈரம் போகத் துடைத்து, அந்த வாயின் மேல் வைத்து இறுக்கிய பிறகே கருப்பம்மாள் ரெகுலேட்டரைத் தண்ணீரில் அலசுவாள். உள்ளே சொட்டு நீர் தங்கினாலும் துரு ஏறும். துரு ஏறினால் அடியாழத்தில் மூச்சு நின்றுபோகலாம். மூச்சு என்றால் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே உறவின் மூச்சு!

அன்று ஆனைக்குட்டம் அணைக்கரையில் அவள் கருவிப் பையைத் திறந்தாள். மூடி தனியாகக் கிடந்தது.

"அண்ணாச்சி, இத யாரு கழட்டுனது?"

"நாந்தான். நேத்து நீ வரலைல்ல? நல்லாக் காயட்டும்னு திறந்து வெயில்ல வச்சேன்."

சங்கிலிமுத்து இருபது வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர். எதையும் வெயிலில் விரித்துப் போட்டே பழகிய கை.

"சாயங்காலம் மழை பெஞ்சுச்சே?"

"ரெண்டு தூத்தல். தொடச்சிட்டேன். ஏலே மாரிக்கண்ணா, மாட்டுலே! இன்னைக்கே ஷட்டர் இறங்கணும்."

தம்பி கையை நீட்டினான். கருப்பம்மாள் ரெகுலேட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"குடுக்கா. அதான் தொடச்சிட்டேங்கிறாருல்ல."

"தொட்டே, கைய ஒடிச்சிருவேம்லே."

"கழுவுறவளுக்கு எதுக்கு இம்புட்டு வாயி?" சங்கிலிமுத்து சீறினார்.

"அப்ப நீங்க இதக் கடிச்சுக்கிட்டு அணைக்குள்ள அரை மணி நேரம் உக்காந்துட்டு வாங்க அண்ணாச்சி. முளுசா வந்தீகன்னா எந் தம்பிய இறக்குறேன்."

கரையில் நின்ற ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. "நாளையிலேருந்து வேலைக்கு வராத!"

அவள் அவரருகே போனாள். அவருடைய வெள்ளை வேட்டியின் முனையைப் பிடித்து, அதன்மேல் ரெகுலேட்டரைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. அவர் இளித்தார். இரண்டாவது தட்டில் செம்பழுப்பாய் ஒரு சொட்டு விழுந்து, வேட்டியில் அகலமாய்ப் பரவியது.

"நீங்க தொடச்சது வெளிய. இது உள்ள கிடந்தது."

யாரும் சிரிக்கவில்லை. மாரிக்கண்ணன் காலில் மாட்டிய ரப்பர் நீச்சல் துடுப்பை மெல்லக் கழற்றினான்.

சங்கிலிமுத்துவின் போன் அலறியது. அணை இன்ஜினீயர். "இன்னைக்கு ஆகாது சார்... மிஷின் கழுவுற பொம்பள ஒருத்தி விடமாட்டேங்குறா."

கருப்பம்மாள் முந்தானையால் மூடியின் உட்புறத்தைத் துடைத்தபடியே குரலை உயர்த்தினாள்.

"பேரையும் சேத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. ஏழாயிரம்பண்ணை கருப்பம்மா. நாளைக்கும் வருவாளாம். இது தூத்துக்குடிப் பட்டறைக்குப் போயி, கழட்டிச் சரிபண்ணி வர்ற வரைக்கும், எவனையும் தண்ணிக்குள்ள இறங்க விடமாட்டாளாம்!"